வாரத்துக்கு விட்ட குருவி

முகப்பேரில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்காரர் ஒரு குருவியை வாரத்துக்கு விட்டார். ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஒரு வாக்கியத்தை எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. வெள்ளாட்டை வாரத்துக்கு விடுவது எனக்குத் தெரியும். ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர், பிறக்கும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. ஆட்டுக்கு அது பொருந்தும். ஒரு கைக்குட்டைக்குள் நாலைந்து அடங்கிவிடும் ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிக்கு அதைப் பொருத்திப் பார்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் கொங்கு நாட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ங்க’ போடுவார். அந்த மரியாதையில் மயங்கி, அவரை நல்லவர் என்று நானும் சில வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். பால்கனியில் ஒரு ஜோடிக் குருவி வளர்த்தார். பெட்டை செத்துப்போய் சேவல் மட்டும் மிஞ்சியது. இந்த ஜாதியில் சாதாரணமாகக் காணப்படுவது சாம்பல் நிறம். அவருடைய சேவல் வேறு நிறம். பறவைக் கடைகளில் அதை ஃபான் என்பார்கள். எனக்கு அது தண்ணீர் அதிகம் விட்ட காப்பியின் நிறமாகத் தெரிந்தது. காப்பி நிறம் என்றே எழுதுகிறேன்.

கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையில் எங்கள் காவலாளி மனைவியோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் குடியிருந்தார். செம்பரம்பாக்கம் பக்கத்து ஆட்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கூலிக்கு நாற்று நட்ட வயல்களில் இப்போது கிடங்குகள் நிற்கின்றன. காவலாளி அதிகம் பேசமாட்டார். மனைவி பேசுவாள். எங்கள் கட்டடத்தில் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்து வீடு துடைத்தாள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளின் மாற்றுச் சாவிகள் அவளிடம்தான் இருந்தன. காலி செய்துகொண்டு போன ஒரு குடித்தனக்காரர் தூக்கிப்போக மனமில்லாமல் அவளிடம் விட்டுப்போன கூண்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை இருந்தது.

ஆக, மேலே ஒரு சேவல், கீழே ஒரு பெட்டை. மூன்றாம் மாடிக்காரர் யோசித்தார். அவருக்குக் குஞ்சு வேண்டும், ஆனால் அவித்த முட்டையை மசித்து வைப்பதற்கும் கூடு சுத்தம் செய்வதற்கும் நேரமில்லை. சேவலைக் கீழே கொடுத்தார். தினை வாங்கித் தருவது அவர் பொறுப்பு, வளர்ப்பது அவள் பொறுப்பு. பொரிப்பதில் காப்பி நிறமெல்லாம் அவருக்கு, சாம்பல் நிறமெல்லாம் அவளுக்கு. அவளுக்கும் ஆட்டு வாரம் பழக்கமானதுதான். தலையாட்டினாள். எண்ண வேண்டாம், பிரிக்க வேண்டாம், சண்டை வராது, பார்த்த கண்ணுக்கே பங்கு தெரிந்துவிடும் என்று அவர் பிற்பாடு இந்த ஒப்பந்தத்தின் அழகை எனக்கு விளக்கியபோது, ஒரு மென்பொருளை வடிவமைத்த பெருமை அவர் முகத்தில் இருந்தது.

அவள் நன்றாகத்தான் வளர்த்தாள். எங்கள் பகுதிக் கொசுக்கள் மனிதனையே தூக்கிப்போகும். கூண்டுக்குக் கொசுவலை தைத்துப் போட்டாள். ஈடு ஈடாகக் குஞ்சு பொரித்தது. இந்தக் குருவிகளின் குஞ்சுகள் எல்லாம் சின்ன வயதில் ஒன்றுபோலவே இருக்கும். கருத்த அலகு, சப்பென்ற முகம். சேவலா பெட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மாத வாக்கில்தான் சேவலுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வரும். மூன்றாம் மாடிக்காரர் அதுவரை காத்திருக்கவில்லை. தானாகத் தின்னத் தொடங்கியதும் காப்பி நிறக் குஞ்சுகளை மேலே எடுத்துப் போய்விடுவார். இடையில் சில குஞ்சுகள் செத்தன. செத்ததை அவள் அவரிடம் சொன்னாள். அவர் சரி என்றார். அப்போது அவருக்கு அது வெறும் சாவு.

தன் குஞ்சுகளில் இரண்டை ஜோடி என்று சொல்லி அலுவலக மேலாளருக்குப் பரிசாகக் கொடுத்தார். பதவி உயர்வுக் காலம் என்று நினைக்கிறேன். மேலாளர் வீட்டில் அந்த ஜோடி முட்டையிட்டது. இரண்டுமே இட்டன. ஒரே கூட்டில் முட்டை குவிந்து, ஒன்றும் பொரிக்காமல், அழுகி நாறி, கடைசியில் அந்த வீட்டுக் குழந்தை கூட்டுக்குள் கையை விட்டு ஒன்றை உடைத்துவிட்டதாம். மேலாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், ஜோடி என்று சொல்லி அக்கா தங்கையைக் கொடுத்துவிட்டாயே என்று கேட்டிருக்கிறார். சிரித்திருக்கிறார்கள்.

மூன்றாம் மாடிக்காரர் வீட்டுக்கு வந்து தன் கூண்டைப் பார்த்தார். வளர்ந்துவிட்ட காப்பி நிறக் குருவிகளில் ஒன்றுக்குக்கூட கன்னத்தில் பொட்டு இல்லை. எல்லாம் பெட்டை. செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கிப் போய் அவள் கூண்டைப் பார்த்தார். அங்கே வளர்ந்திருந்த சாம்பல் நிறக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. எல்லாம் சேவல்.

அவருக்கு முடிவு கிடைத்துவிட்டது. காப்பி நிறச் சேவல்களை, பொட்டு வருமுன்பே எப்படியோ அடையாளம் கண்டு, அவள் வெளியே விற்றுவிட்டாள். செத்துப்போனதாகச் சொன்னவை அவைதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் கூடியது. எங்கள் சங்கக் கூட்டம் தரைத்தளத்தில், கார்களுக்கு நடுவே, வாடகை நாற்காலிகளில் நடக்கும். லிஃப்ட் பழுது, தண்ணீர் லாரி, பாதாளச் சாக்கடை அடைப்பு ஆகிய மூன்றையும் பற்றி வருடக்கணக்காகப் பேசி ஒரு முடிவும் எடுக்க முடியாதவர்கள், ஒரு பெண் திருடினாளா என்பதைத் தேநீர் ஆறுவதற்குள் முடிவெடுக்கத் தயாராக இருந்தார்கள்.

மூன்றாம் மாடிக்காரர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். நாணயம் சுண்டுவது போலத்தான் சேவலும் பெட்டையும். இத்தனை முறை சுண்டி அத்தனையும் பூவாகவே விழுவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று திரையில் காட்டினார். பூஜ்யத்துக்குப் பிறகு புள்ளி, அதற்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள்.

“நான் சும்மா யார் மேலயும் பழி போடலீங்க. கணக்கு சொல்லுதுங்க.”

கணக்கு சொல்கிறது என்றதும் படித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பார்த்த வரையில், படித்தவனை முட்டாளாக்க ஒரு தசமப் புள்ளி போதும்.

காவலாளியின் மனைவி தூண் ஓரத்தில் நின்றிருந்தாள். சங்கத் தலைவர் அவளைப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிடு, ஒன்றும் செய்யமாட்டோம் என்றார். ஏதோ தனியார் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். பரீட்சையில் காப்பியடித்த பையனிடம் பேசிப் பேசி அந்தக் குரல் அவருக்கு நிலைத்துவிட்டது.

“இன்னாத்த சார் சொல்றது? குருவி முட்டைக்குள்ள பூந்து நான் இன்னா பண்ண முடியும்? அதுவா பொரிச்சுது, அதுவா வளந்துது. அவரு கலர அவரு எடுத்துகினு போனாரு, என் கலரு எனக்கு. அவ்ளோதான்.”

யாரோ ஒரு பெண்மணி, தன் வீட்டில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமல் போனதை அப்போது நினைவுகூர்ந்தார். காணாமல் போனது, காவலாளி குடும்பம் வேலைக்கு வருவதற்கு முன்பே. அதை நான் சுட்டிக்காட்டியபோது, பொதுவாகச் சொன்னேன் என்றார்.

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்று தலைவர் முடிக்கப் பார்த்தார். நான் எழுந்தேன்.

நான் அரசு அலுவலகத்தில் பல வருடம் துறை விசாரணைகளைக் கவனித்தவன். குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போக வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், சாட்சியம் வேண்டும், அறிக்கை வேண்டும், அதன் பிறகுதான் தண்டனை. இந்த வரிசையை மாற்றினால் எந்தத் தீர்ப்பாயத்திலும் நிற்காது. அதைச் சொன்னேன். கொட்டாவி விட்டார்கள். அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன் என்பதையும் சொன்னேன். அந்தப் படிப்பு அதுநாள் வரையில் எனக்கு ஒரு காசுக்கும் உதவியதில்லை. இதில் திருட்டே இல்லை, அந்தச் சேவலுக்கும் அந்தப் பெட்டைக்கும் இப்படித்தான் பிறக்கும், வேறு மாதிரி பிறந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றேன்.

“அப்படிங்களா சார்? அதெப்படிங்க, நெறம் பாத்துப் பொட்டையாப் பொறக்குமுங்களா?” என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வாயால் விளக்கி எடுபடாத இடம் என்று தெரிந்துகொண்டேன். அதே சேவல், அதே பெட்டை, என் வீட்டில், என் பொறுப்பில் ஒரு ஈடு பொரிக்கட்டும். குஞ்சு வளர்ந்து பொட்டு தெரியும் வரை யாரும் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது. கூண்டுக்குப் பூட்டுப் போடுகிறேன், குற்றம் சாட்டியவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், குற்றம் சாட்டப்பட்டவள் கூண்டைத் தொடக் கூடாது. இதுதான் என் யோசனை. இலவசமாக ஒரு வேடிக்கை கிடைக்கிறது என்பதால் ஒப்புக்கொண்டார்கள்.

கூண்டு எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில் தொங்கியது. என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்: “ஆஃபீஸ்ல தான் ஊர் வழக்கெல்லாம் பார்த்தீங்க. இப்ப அது பீயோட வீட்டுக்குள்ளயே வந்திருக்கு.”

அவள் சொன்னது மிகையில்லை. குருவி வளர்ப்பதைப் பற்றி நல்லதாக எழுதுகிறவர்கள் யாரும் அதன் அடியில் நின்று துணி காயப்போட்டதில்லை என்று நினைக்கிறேன். தினை உமி குழம்புக்குள் பறந்து விழுந்தது. கூட்டில் தேங்காய் நாரோடு எச்சம் சேர்ந்து இறுகி, ஈரமான நாட்களில் பழைய சாக்கு மாதிரி ஒரு வாடை. பொரித்த குஞ்சுகள் தோலுரித்த விரல்நுனி போல, கண் திறக்காமல், கழுத்தில் தின்ற தினை வெளியே தெரிய, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அவற்றை அழகு என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

மூன்றாம் மாடிக்காரர் ஞாயிறுதோறும் வந்தார். கைபேசியில் படம் எடுத்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து என் மனைவி கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு, சட்னி கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கிறது என்றார்.

காவலாளியின் மனைவியும் வந்தாள். எங்கள் வீட்டில் அவள்தான் பாத்திரம் தேய்ப்பாள். வேலை முடிந்ததும் சமையலறை வாசற்படியில் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டைப் பார்ப்பாள். தொடக் கூடாது என்று நான் விதித்ததை அவள் அப்படிக் கடைப்பிடித்தாள். ஒருமுறை குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து கீழே விழுந்து தத்தளித்தது. என்னைக் கூப்பிட்டாள். நான் வந்து எடுத்து வைக்கும் வரை கையைப் பிரிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிடுவார்களா என்று எல்லாரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், அவளிடமிருந்த சாவிகள் திரும்பிப் போயின. யாரும் கோபமாகக் கேட்கவில்லை. ஊரிலிருந்து மாமியார் வருகிறார், ஒரு சாவி வேண்டியிருக்கிறது என்றார் ஒருவர். புதுப் பூட்டுப் போடப்போகிறோம் என்றார் இன்னொருவர். சாவி போன வீடுகளில் வேலையும் போயிற்று, ஏனென்றால் அந்த வீடுகளில் பகலில் ஆள் கிடையாது. தீர்ப்பு வரும் வரை தண்டனை கிடையாது என்று நான் கூட்டத்தில் பிடிவாதம் பிடித்து வாங்கிய உத்தரவாதத்தின் மதிப்பு அவ்வளவுதான். நான் பார்த்த அலுவலகங்களிலும் இப்படித்தான். விசாரணை முடிவதற்குள் மேசையை வாசலுக்கு மாற்றிவிடுவார்கள்.

இதைப் பற்றி அவளிடம் கேட்டேன். “சாவி போனா போவுது சார். என் பொண்ணு ஸ்கூல்ல, தோ இந்த பில்டிங் பொண்ணு ஒண்ணு கீதே, அது ‘உங்கம்மா குருவி திருடியாமே’ன்னு கேட்டுகீது. அதான் இன்னா சொல்றதுன்னு தெர்ல.”

குஞ்சுகள் வளர்ந்தன. இறகு முளைத்தபோதே நிறம் தெரிந்துவிட்டது, சில காப்பி, சில சாம்பல். ஒரு காலையில் சாம்பல் குஞ்சு ஒன்றின் கன்னத்தில் மஞ்சள் கறை போல ஏதோ தெரிந்தது. அடுத்தடுத்து மற்ற சாம்பல்களுக்கும் வந்து, ஆரஞ்சாக முற்றியது. காப்பிக் குஞ்சுகளின் கன்னம் வெறுமையாகவே இருந்தது. காப்பியெல்லாம் பெட்டை. சாம்பலெல்லாம் சேவல். ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்று அவள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஈரம் எதுவும் இல்லை.

கூண்டைக் கூட்டத்துக்கே தூக்கிப் போனேன். கார் ஒன்றின் முன்பகுதியில் வைத்து, எல்லாரையும் வரிசையாக வந்து பார்க்கச் சொன்னேன். பிறகு விளக்கினேன். எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னேன். இந்த நிறத்தைத் தீர்மானிக்கும் பண்பு, சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் இழையிலேயே உட்கார்ந்திருக்கிறது. சேவலுக்கு அந்த இழை இரண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பெட்டைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அப்பா கொடுப்பது. அப்பா காப்பி நிறமானால் மகளுக்கு வேறு வழியில்லை, அவள் காப்பிதான். மகனுக்கு அப்பாவின் காப்பியும் வரும், அம்மாவின் சாம்பலும் வரும். சாம்பல் காப்பியை மூடிவிடும். மகன் வெளியே சாம்பலாகத் தெரிவான், காப்பி உள்ளே ஒளிந்திருக்கும். ஆக, நிறம் பார்த்துப் பங்கு பிரித்தபோதே பெட்டையெல்லாம் ஒருவருக்கு, சேவலெல்லாம் இன்னொருவருக்கு என்று எழுதிக்கொண்டுவிட்டீர்கள். திருட யாருக்கும் எதுவும் இல்லை. திருடியதாகச் சொல்லப்படும் காப்பி நிறச் சேவல்கள் பிறக்கவே இல்லை.

எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அது நீடித்த நேரம் மிகக் குறைவு.

மூன்றாம் மாடிக்காரர் கையை உயர்த்தினார்.

“சார், ஒரு சந்தேகமுங்க. அந்தச் சாம்பல் சேவலுக்குள்ள காப்பி ஒளிஞ்சிருக்குதுன்னு சொன்னீங்களே?”

“ஆமாம்.”

“எல்லாத்துக்குள்ளயுமேங்களா?”

“எல்லாவற்றுக்குள்ளும்.”

“அப்ப அதுவும் என்ற நெறம்தானுங்களே? காப்பியெல்லாம் எனக்குன்னுதானுங்க பேச்சு. இத்தன நாளா என்ற பங்கு அந்தம்மா கூண்டுலயில்லீங்க இருந்திருக்குது.”

நான் பல வருடம் விசாரணை நடத்தியவன். லஞ்சம் வாங்கிய கையோடு பிடிபட்டவர்கள் சொன்ன விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை. அவளை விடுவிப்பதற்காக நான் சொன்ன அதே சாட்சியத்தை எடுத்து, அவர் அவள் கூண்டுக்குள் கையை விட்டார். அசிங்கம் என்னவென்றால், அவர் நடிக்கவில்லை. மனமாரத் தனக்கு அநியாயம் நடந்துவிட்டதாக நம்பினார்.

காப்பி நிறச் சேவல் வேண்டுமானால் பக்கத்துப் பாடியில் எந்தப் பறவைக் கடையிலும் கிடைக்கும், ஒரு வேளை பிரியாணி விலைதான் இருக்கும் என்றேன். கடைக் குருவி வேறு, இது நம்ம வம்சம் என்றார். அல்லது அப்பா சேவலையே அதன் மகள்களோடு சேர்த்தால் காப்பி நிறச் சேவல் பிறக்கும், உங்கள் கூண்டுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் என்றேன். முகத்தைச் சுளித்தார்.

“அப்பனையும் புள்ளையையுமுங்களா? சீ, என்னங்க சார் நீங்க.”

அந்தச் சாம்பல் சேவல்கள் அவருடைய காப்பிப் பெட்டைகளின் உடன்பிறப்புகள். அவற்றைச் சேர்த்தாலும் காப்பிச் சேவல் கிடைக்கும் என்பதை அவரே கணக்குப் போட்டுவிட்டார் என்பது தெரிந்தது. அதில் அவருக்குக் கூச்சம் இல்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார். ஒரு பக்கம் மட்டுமே நியாயம் இருக்கும்போது இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் எல்லாச் சங்கத்திலும் தலைவராக இருக்கிறார்கள். சாம்பல் சேவல்களை அவள் அவரிடம் ஒப்படைத்துவிடட்டும், நாமும் நடந்ததை மன்னித்துவிடுவோம், அவர்கள் இங்கேயே வேலையில் இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார். மன்னிக்க எதுவும் நடக்கவில்லை என்று நான் சொன்னேன். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் சார் என்றார்கள். நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் பாத்திரம் தேய்த்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

“சார், அத்த குடுத்துட்டா ஒத்துக்கினா மாதிரி ஆவுமா?”

யோசித்துத்தான் பதில் சொன்னேன். ஆகும் என்றேன். பொருளைத் திருப்பிக் கொடுப்பதை எல்லா இடத்திலும் ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

“அப்ப குடுக்கமாட்டேன். ஆடு வாரத்துல உட்டா கண்ணுக்குத் தெர்ற குட்டியத்தான் பிரிப்பாங்க. அது வயித்துக்குள்ள கீறதுக்கு எவனாவது பங்கு கேப்பானா சார்? திருடாதவள இவங்க இன்னாத்துக்கு மன்னிக்கறது?”

நான் எழுதிய எந்த விசாரணை அறிக்கையையும்விட இது சுருக்கமாக இருந்தது.

அவள் கொடுக்கவில்லை. காவலாளி கொடுத்தார். அவள் ரேஷன் கடை வரிசையில் நின்ற நேரம் பார்த்து, கூண்டோடு தூக்கிக்கொண்டு போய் மூன்றாம் மாடி வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளின் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு கூரை கையில் இல்லை. திரும்பி வந்தவள் சண்டை போடவில்லை என்று கேள்வி. கூண்டு தொங்கிய ஆணியில் அரிசிப் பையை மாட்டினாளாம். நான் திருப்பித் தந்திருந்த அவளுடைய சாம்பல் பெட்டையையும் காவலாளி கூண்டோடு சேர்த்தே கொடுத்திருந்தார். அது யாருடைய பங்கு என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரரைச் சந்தித்தேன். உற்சாகமாக இருந்தார்.

“பாத்தீங்களா சார்? மனசுல ஒண்ணுமில்லீன்னா எதுக்குங்க கொண்டாந்து குடுக்கோணும்?”

எனக்கு இன்னும் ஒரு மாடி இருந்தது. முதல் மாடியிலேயே இறங்கி நடந்து போனேன்.

விசாரணை என்று ஒன்றைத் தொடங்கினால் இறுதி ஆணை என்று ஒன்று வெளியாக வேண்டும். அன்றிரவே அதை எழுதி, காலையில் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். குற்றச்சாட்டின் விவரம், சோதனையின் முறை, முடிவு, நிறம் இறங்கும் விதம், எல்லாம் வரிசை எண்ணோடு. வாசல் கூட்ட வந்த அவள் முழுவதையும் நின்று படித்தாள். இவ்வளவு எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், திருடவில்லை என்று மட்டும் எழுதுங்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். கழற்றிவிட்டு ஒரே வரி எழுதினேன்: காவலாளியின் மனைவி எதையும் திருடவில்லை.

மதியத்துக்குள் தலைவர் அதைக் கிழித்துவிட்டார். வீடு வாங்க ஆட்கள் வந்து பார்க்கிற நேரம், இதைப் படித்தால் என்ன திருட்டு, யார் திருடியது என்றுதான் கேட்பார்கள், கட்டடத்துக்குக் கெட்ட பெயர் என்றார். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார். மூன்றாவது முறை ஒட்டியபோது அவளே வந்து எடுத்துவிட்டாள். இது இருப்பதால்தான் கேட்கிறார்களாம். முந்தின நாள் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், நீதானா அது என்று கேட்டிருக்கிறாள்.

மகளின் பரீட்சை முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். ஐயப்பன்தாங்கலில், பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில், ஒரு புதிய அடுக்ககத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒரு சின்ன வண்டியில் சாமான்கள் அடங்கிவிட்டன. அவள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்து, வர்றேன் சார் என்றாள். அவ்வளவுதான். நான் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள் குப்பை கொட்டப் போனபோது தலைவர் என்னை நிறுத்தினார். அந்த ஐயப்பன்தாங்கல் அடுக்ககத்துச் செயலாளர் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தக் குடும்பம் எப்படி, நம்பி வைத்துக்கொள்ளலாமா என்று விசாரித்தாராம். தலைவர் என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்காகத்தான் சார். நல்ல குடும்பம்னு மட்டும் சொன்னேன். அந்தத் திருட்டு விஷயத்த நான் மூச்சுகூட விடலை.”

அவர் முகத்தில் தானம் செய்தவரின் நிறைவு இருந்தது. நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார். தோளை விடுவித்துக்கொண்டு, அந்தச் செயலாளரின் எண்ணைக் கேட்டேன். எதற்கு சார் மறுபடி கிளறுகிறீர்கள், நல்லபடியாக முடிந்துவிட்டதே என்றார். எண்ணைக் கொடுக்கவில்லை. குப்பைப் பையிலிருந்து ஏதோ என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.